பாட்டி கடைக் கணக்கு

சனிக்கிழமை ராத்திரி. எட்டாவது படிக்கும் என் சீமந்தபுத்திரன் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, "எனக்கு மேத்ஸ் வராதுப்பா, விட்டுடுங்க!" என்று கண் கலங்கினான். திங்கட்கிழமை டெஸ்ட்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 0.25 எக்ஸ் + 1.5 = 4. எக்ஸ் எவ்வளவு?

பயல் புள்ளியை ஒழிக்கப் பார்த்திருக்கிறான். நல்ல யோசனைதான். ஆனால் 0.25-ஐ நூறால் பெருக்கியவன், 1.5-ஐப் பத்தால் பெருக்கிவிட்டு, 4-ஐத் தொடவே இல்லை. விடை மைனஸ் 0.44!

"டியூஷன் வெச்சிடலாங்க" என்றாள் சகதர்மிணி.

"என்னடா கணக்கு?" என்றாள் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா.

"மிட்டாய் ஒண்ணு 25 பைசா. எத்தனைன்னு தெரியாது. அதோட ஒன்றரை ரூபாய்க்கு ஒரு பேனா. மொத்தம் நாலு ரூபாம்மா."

(25 பைசா 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் செல்லும்!)

"இவ்வளவுதானே? எல்லாத்தையும் பைசாவா மாத்து. ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணை ரூபாயாவே விட்டா கடை திவாலாயிடும்டா!"

பையன் எழுதினான். 25 எக்ஸ் + 150 = 400. இரண்டு பக்கமும் 150 போனால் 25 எக்ஸ் = 250. எக்ஸ் பத்து! சரிபார்த்தோம். பத்து மிட்டாய் இரண்டரை ரூபாய், பேனா ஒன்றரை. நாலேதான்!

"எப்படி பாட்டி?"

"1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்துச்சு. அதுவரைக்கும் ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்புறம் நூறு பைசா. நாலணான்னா 25 பைசா, தகராறு இல்லை. ஓரணாவுக்கு ஆறே கால் வரும். கால் பைசாவுக்கு எங்கே போறது? தினம் சண்டை. எனக்குப் பத்து வயசு. எங்கப்பா மளிகைக் கடைக் கல்லாவுல உட்கார்ந்து நான்தான் கணக்குச் சொல்வேன்."

"அப்புறம் ஏன் பாட்டி நீங்க படிக்கலை?"

அம்மா உலக்கையை நிறுத்தினாள்.

"அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்குன்னாங்க. உனக்கு வரலேங்கறே. எனக்கு வந்துச்சுடா கண்ணு, விடலை."

பையன் பேசாமல் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் படித்தான்.

இப்போதெல்லாம் ராத்திரி சீரியல் நேரத்தில் அம்மா, "இன்னிக்கு என்ன கணக்குடா?" என்று உட்கார்ந்துவிடுகிறாள். மாமியாரிடமிருந்து ரிமோட் கிடைத்த சந்தோஷத்தில் சகதர்மிணி டியூஷன் பேச்சையே எடுப்பதில்லை!