தோண்டவும் முடியாது, மூட்டவும் முடியாது

புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் விடுமுறைக்கு வன்னிக்கு வரும்போது முதுகுப் பையோடு சிறு கூடாரமும் கொண்டுவருகிறார்கள். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் காட்டில் ஓர் இரவு தங்கலாமா என்று கேட்கிறார்கள். அந்த ஆசையை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால், அவர்கள் அங்கே படித்து வந்திருக்கும் விதிகள் இந்த மண்ணுக்காக எழுதப்பட்டவை அல்ல.

காட்டில் சுவடு விடாமல் தங்குவதற்கு ஏழு விதிகள் உண்டு. 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு அவற்றை உலகெங்கும் பரப்பியது. மலங்கழிக்க நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிச் சென்று, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூடு என்கிறது அதில் ஒன்று. தீ மூட்டுவதாயின் சிறிதாக மூட்டி, முற்றாக எரித்துச் சாம்பலாக்கி அணைத்துவிடு என்கிறது இன்னொன்று. கனடாவின் காட்டுக்கு நல்ல விதிகள்தான்.

ஒட்டுசுட்டானுக்கு? 2009 ஜனவரியில் இராணுவத்தின் கைக்குப் போன ஊர் இது. அதற்கு முன்னும் பின்னும் சுற்றியிருந்த நிலமெங்கும் போர் நடந்தது. கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வெடிகளை முற்றாக அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை தவணை. அப்படியிருக்க, பழக்கமில்லாத காட்டில் கைமண்வெட்டியால் எட்டு அங்குலம் தோண்டச் சொல்லும் விதியை எந்த நெஞ்சோடு நம் பிள்ளைகளிடம் கொடுப்பது? தீயும் அப்படியே. குப்பைக்கு வைத்த நெருப்பில், மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்த சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன. குரக்கன் ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டதால் ஒட்டுசுட்டான் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இன்று சுட்டால் என்ன வெளிப்படும் என்று சொல்ல இயலாது.

ஆகவே இங்கே புதைப்பதும் எரிப்பதும் இல்லை. எஞ்சுவது ஒன்றே: கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது. ஒதுக்குக் காட்டுக்குள் வனவளத் திணைக்களத்தின் அனுமதியின்றி நுழையவும் கூடாது. ஊரவர் நாளாந்தம் நடக்கும் பாதையை விட்டு விலகாமல், கேட்டுப் பெற்ற ஒரு வீட்டு வளவிலோ கோயில் மடத்திலோ கூடாரம் அடித்தால் கழிப்பறை, கிணறு இரண்டும் கிடைக்கும். காட்டில் அடுப்பு மூட்டிச் சமைக்கத்தான் வேண்டுமா? சந்திக் கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்கலாம், பாத்திரத்தை நீங்களே கொண்டுபோவதாயின்.

பிள்ளைகளுக்கு இவ்வளவு சொல்லும் நாம் எப்படி நடக்கிறோம்? நமக்கும் ஒரு காட்டு நடை உண்டு. முதுகுப் பை, கூடாரம் என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்பே இருந்தது. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கதிர்காமம் வரை போகும் பாதயாத்திரையைத்தான் சொல்கிறேன். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து போவது அறுந்து, பிறகு மீண்டது. உகந்தை முருகனைக் கும்பிட்டுக் குமுண காட்டுக்குள் நுழைந்தால் நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று மரநிழலில் தங்கித் தங்கி நடக்கவேண்டும். அந்தக் காலத்து அடியார் தாமரை இலையில் உண்டார், செம்பில் நீர் குடித்தார். அவர் விட்டுச் சென்றதை மாரி மழை மண்ணாக்கிவிடும். அது அவருடைய சூழல் ஞானம் என்று நான் புகழவில்லை. மக்காத பொருள் எதுவும் அவர் கையில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் உறை, சோற்றுப் பார்சல் சுற்றிய தாள் எல்லாம் கூடவே போகின்றன. யாத்திரை முடிந்தபின் குப்பை பொறுக்கத் தனியாக ஆட்கள் போகவேண்டியிருக்கிறது. அடியார் கடந்துசெல்லும் அதே அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்துக் குப்பைமேட்டில் மேய்ந்து, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டாமா?

சட்டம் ஓரளவு உண்டு. பொலித்தீன் உணவுத் தாளும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. சிறு சாஷே பைக்கற்றுகள் சில 2021இல். ஆனால் தண்ணீர்ப் போத்தல் இந்தத் தடைகளுக்குள் அகப்படவில்லை. அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள், புண்ணியம் தேடுபவர்கள். அந்தத் தாகசாந்திக்கான காசில் ஒரு பங்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறது என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். பணம் அனுப்புபவர் ஒரு நிபந்தனை விதிக்கலாம்: தாங்கியில் தண்ணீர் வையுங்கள், குழாய் பூட்டுங்கள், அடியார் தம் செம்பில் பிடித்துக்கொள்ளட்டும். அப்படித் தாங்கி வைப்பவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்புங்கள்.

ஜேர்மனியில் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொரு வழியும் தெரிந்திருக்கும். 2003 முதல் அங்கே ஒருமுறை பாவிக்கும் போத்தலுக்கும் முற்பணம் உண்டு. வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் இன்று 25 சதம் கையில் வரும். உகந்தையிலும் காட்டு வாசலில் போத்தல்களை எண்ணி, ஒன்றுக்கு 100 ரூபா வீதம் வாங்கிச் சீட்டுக் கொடுக்கட்டும். கதிர்காமத்தில் போத்தலையும் சீட்டையும் காட்டிக் காசைத் திரும்பப் பெறலாம். திரும்ப வாங்காதவர் காசு அடுத்த ஆண்டு தாங்கிக்குப் போகட்டும்.