ஹோம் தியேட்டர் ரிசீவரும் அப்பாவின் சீட்டுப் பணமும்

போன மாசம் அப்பா சீட்டு எடுத்தார். தள்ளுபடி போக கைக்கு வந்தது 72,000 ரூபாய். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதே ஆரம்பிச்சிட்டார். "புது ரிசீவர் ஒண்ணு வாங்கிடலாம்டே, அட்மாஸ் உள்ளது. கடைக்காரன் 58,000 சொல்லுதான்."

அம்மா ஒண்ணும் சொல்லலை. ரசம் ஊத்தின வேகத்துலயே பதில் இருந்தது. தங்கச்சி அடுத்த வருஷம் காலேஜ் சேரணும், ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும். அந்தச் சீட்டே அதுக்காகப் போட்டதுதான்.

நான் பி.காம் கடைசி வருஷம். வீட்ல எந்தச் செலவு வந்தாலும் "நீதான கணக்கு படிக்க, சொல்லு" என்று என் தலையில கட்டிடுவாங்க. வழக்கமா நழுவிடுவேன். இந்தத் தடவை நிஜமாவே உட்கார்ந்து யோசிச்சேன். எங்க வீட்டுப் பழைய பெட்டி போக, ரிசீவர் வச்சிருக்கிற ரெண்டு மூணு பேர்கிட்ட போய் வாங்கின நாள்லேர்ந்து என்ன ஆச்சுன்னு கதை கேட்டேன். அப்பாகிட்ட நேர்ல சொன்னா முடிக்க விட மாட்டார். அதனால எழுதிடறேன்.

முதல்ல எங்க கதை. 2011-ல ஷார்ஜாவுல வேலை பார்த்த மாமா லீவுக்கு வரும்போது தூக்கிட்டு வந்த 5.1 ரிசீவர். 1,100 திர்ஹம், அன்னிக்கு ஏறக்குறைய 13,000 ரூபாய். அங்கேயும் நம்ம வோல்டேஜ்தான், பிளக் மட்டும் சதுரப் பின். அடாப்டர் போட்டு ஓட்டினோம். (அமெரிக்காலேர்ந்து கொண்டு வந்தவங்க பாடு பாவம். 120 வோல்ட் பெட்டிக்கு தனியா ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, ரிசீவரை விட அதுக்கு ஜாஸ்தி இடம் ஒதுக்கணும்.) எனக்கு அப்ப ஏழு வயசு. அஞ்சு ஸ்பீக்கர்லேர்ந்தும் சத்தம் வந்த அன்னிக்கு தெருவே எங்க ஹால்லதான் இருந்தது.

ஏழு வருஷம் ஒரு குறையும் இல்லை. 2018-ல ஒரு நாள் ஹெச்.டி.எம்.ஐ வழியா வர்ற சத்தமும் படமும் நின்னு போச்சு. சிடி பிளேயரைப் பழைய சிவப்பு வெள்ளை ஒயர்ல மாட்டினா பாட்டு ஜம்முனு பாடுது. சர்வீஸ் சென்டர்ல, பெட்டியைத் திறக்கிறதுக்கே ஒரு கட்டணம் வாங்கிட்டு, "போர்டு போயிடுச்சு சார், கம்பெனிலேர்ந்து வந்தா 11,500, வருமான்னு சொல்ல முடியாது" என்றார்கள். வரவே இல்லை.

கடைசியில எங்க ஏரியா மெக்கானிக் அண்ணாச்சி பார்த்துட்டு ஒரு வரி சொன்னார். "தம்பி, ஆம்ப்ளிஃபயர் கல்லு மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்தான் செத்துப் போச்சு."

என் மொத்த வாதமும் இந்த ஒரு வரிதான். ரிசீவர் ஒரு சாமான் இல்லை, ஒரே தகர டப்பாவுக்குள்ள ரெண்டு சாமான். ஒண்ணு ஆம்ப்ளிஃபயர்: டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெபாசிட்டர், ஹீட் சிங்க், டிரான்சிஸ்டர். நல்லா வச்சுக்கிட்டா இருபது வருஷம் ஓடும், போனாலும் ரிப்பேர் பண்ணலாம். இன்னொண்ணு கம்ப்யூட்டர்: ஹெச்.டி.எம்.ஐ சிப், டால்பி டிடிஎஸ் பிரிக்கிற சிப், இப்ப வைஃபை, ப்ளூடூத் வேற. அது சாகலைன்னாலும் அஞ்சாறு வருஷத்துல அதோட படிப்பு பழசாகிடும்.

எங்க பாடத்துல சொன்னா, வருமான வரி விதிப்படி இயந்திரங்களுக்குத் தேய்மானம் 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. (வீட்டு சாமானுக்கு தேய்மானம் எழுத முடியாதுன்னு தெரியும், சும்மா ஒரு கணக்குக்கு.) 13,200 ரூபாய் பெட்டியை இயந்திரமா நினைச்சா ஏழு வருஷம் கழிச்சு மதிப்பு சுமார் 4,230. கம்ப்யூட்டரா நினைச்சா 370. அப்பா முதல் கணக்குல வாங்குறார். கம்பெனி ரெண்டாவது கணக்குல விக்குது.

இது எங்க வீட்டு ராசி மட்டும் இல்லை. 4கே வந்தப்ப ஹெச்.டி.சி.பி 2.2 என்று ஒரு காப்பி தடுப்புப் பூட்டு வந்தது. அதுக்கு முன்னாடி வாங்கின ரிசீவர் எத்தனை விலை உசத்தியா இருந்தாலும், பூட்டு போட்ட 4கே படம் அது வழியா டிவிக்குப் போகாது. ஒரு ஸ்குரூ கூட கெடலை, ஆனா பெட்டி பழசு. 2014-ல அட்மாஸ் வீட்டுக்கு வந்தது, அதுக்கு முந்தினதெல்லாம் இன்னொரு படி பழசு. 2020-ல நடந்தது இதைவிட வேடிக்கை. 8கே, ஹெச்.டி.எம்.ஐ 2.1 என்று பெட்டி மேல பெருசா அச்சடிச்சு வந்த புது ரிசீவர்கள்ல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை மாட்டி 4கே 120 ஹெர்ட்ஸ்ல வச்சா திரை கருப்பாயிடுச்சு. டெனான், மராண்ட்ஸ், யமஹா மூணுலயும் இதே கதை, ஏன்னா உள்ளே இருந்த சிப் அப்படி. டெனானும் மராண்ட்ஸும் 2021-ல இலவசமா ஒரு குட்டி அடாப்டர் டப்பா கொடுத்தாங்க. யமஹா போர்டையே மாத்தித் தர ஏற்பாடு பண்ணினாங்க. கை கழுவிடாம இதைப் பண்ணினது பெரிய விஷயம், ஒத்துக்கறேன். ஆனா புதுசா வந்ததை முதல் வருஷமே வாங்கினவன் காசு கொடுத்து சோதனை எலி ஆனதும் நிஜம்தானே?

கம்பெனியே இல்லாம போனா? ஆன்கியோ என்றால் ஹோம் தியேட்டர்காரங்க கையெடுத்துக் கும்பிட்ட காலம் உண்டு. 2021-ல ஆடியோ வியாபாரத்தை வித்தாங்க, 2022 மே மாசம் ஜப்பான்ல மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாங்க. பேரு வேற கையில இன்னும் ஓடுது, ரிசீவரும் வருது. ஆனா பத்து வருஷத்துக்கு வச்சுக்கணும்னு வாங்குறவன் இதையும் யோசிக்கணும்.

சரி, மத்தவங்க கதை.

எதிர்வீட்டு பேங்க் சார். ரிட்டயர்மென்ட் காசுல வாங்கின ரிசீவர். தேக்குல ஷோகேஸ், முன்னாடி கண்ணாடிக் கதவு, பெட்டி மேல பூ வேலை பண்ணின துணி, அது மேல தஞ்சாவூர் பொம்மை. ஒரு மணி நேரம் படம் ஓடினா "புரொடெக்ட்"னு எழுத்து வந்து ஆஃப் ஆயிடும். சார் கம்பெனியைத் திட்டாத நாள் இல்லை. நான் போனப்ப மேல கை வச்சேன், தோசைக்கல். மேல இருக்கிற ஓட்டை எல்லாம் சூடு வெளியே போகத்தான் சார்னு சொன்னதுக்கு, "பல்லி உள்ள போயிரும்டே" என்றார். அதுவும் நியாயம்தான். நம்ம ஊர்ல பல்லி போர்டு மேல ஏறி ஷார்ட் ஆன கதை அண்ணாச்சிகிட்ட கேட்டா ஒரு நாள் முழுக்க சொல்வார். கண்ணாடிக் கதவைத் திறந்து வச்சு, பொம்மையை இடம் மாத்தி, மேல நாலு விரக்கடை இடைவெளி விட்டோம். பின்பக்கம் மட்டும் மெல்லிய வலை. ரெண்டு வாரமா "புரொடெக்ட்" வரலை. கெபாசிட்டருக்கு பத்து டிகிரி சூடு கூடினா ஆயுசு பாதின்னு எலெக்ட்ரானிக்ஸ்காரங்க சொல்ற ஒரு கணக்கு இருக்கு. அந்த துணிக்கும் பொம்மைக்கும் சார் கொடுத்த விலை அதுதான்.

அடுத்தது நண்பனோட அண்ணன், சென்னையில ஐ.டி. வேலை. 9.2 சேனல் ரிசீவர், மேல்கூரைக்கு நாலு ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து வாங்கினார். வாடகை வீடு. சுவத்துல ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனர் விட மாட்டார், மேல்தளத்துல ஓட்டை போட விடுவாரா? மூணு வருஷத்துல ரெண்டு வீடு மாறியாச்சு. நாலு ஸ்பீக்கரும் இன்னும் அட்டைப் பெட்டியில, கட்டிலுக்கு அடியில. ஒன்பது சேனல் ரிசீவர்ல ரெண்டு சேனல் ஓடுது. "சொந்த வீடு வாங்கினதும் மாட்டிடுவேன்" என்றார். அதுக்குள்ள அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன வயசாகும்னு நான் கேட்கலை, டீ வாங்கிக் கொடுத்தார் பாருங்க :-)

மூணாவது ரிசீவரே இல்லை. அண்ணாச்சி அசெம்பிள் பண்ணிக் கொடுத்த 5.1 செட், ஒரு டீக்கடையில காலைல அஞ்சு மணி பக்திப் பாட்டுலேர்ந்து ராத்திரி பத்து வரை ஓடுது. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள், முன்னாடி ஒரு யுஎஸ்பி ப்ளூடூத் போர்டு. அந்த யுஎஸ்பி போர்டு இதுவரை மூணு தடவை போச்சு. மூணு தடவையும் சில நூறு ரூபாய், அரை மணி நேரம், திரும்பவும் பாட்டு. செத்துப் போற பாகத்தைத் தனியா கழட்டுற மாதிரி வச்சதுல நம்ம அண்ணாச்சி ஜப்பான்காரனை ஜெயிச்சிட்டார்னுதான் சொல்வேன். அதுக்காக அசெம்பிள் செட்டைத் தலையில தூக்கி வச்சு ஆடவும் முடியாது. "உம்ம்" என்று ஒரு இரைச்சல் அடியில இருக்கு. டூப்ளிகேட் டிரான்சிஸ்டர் மாட்டினா ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொண்டு போயிடும். 5.1-ன்னு சொன்னாலும் நிறைய செட்ல பின் ஸ்பீக்கருக்கு முன் ஸ்பீக்கர் சத்தத்தையே கொஞ்சம் திரிச்சுத்தான் அனுப்புறாங்க.

வாட்ஸ் பத்தி ஒரு வார்த்தை, அப்பா அதுலயும் மயங்கி நிக்கிறார். ஒரே ரிசீவருக்கு ஒரு இடத்துல 70 வாட்ஸ்னும் இன்னொரு இடத்துல 130 வாட்ஸ்னும் போடுவாங்க. ரெண்டும் பொய் இல்லை. முதல் எண், ரெண்டு சேனல் ஓடும்போது, முழு அலைவரிசைக்கும், சிதைவு சொற்பமா இருக்கிறப்ப. ரெண்டாவது, ஒரே சேனல், ஒரே ஒரு சுருதி, 10 சதவீதம் சிதைவு வரை விரட்டினப்ப. பெட்டி மேல எந்த எண் பெருசா இருக்கும்னு நான் சொல்லணுமா? இந்தக் கூத்தை அடக்கத்தான் அமெரிக்காவுல 1974-லேயே ஆம்ப்ளிஃபயருக்குன்னு ஒரு விதி போட்டாங்க, 2024-ல அதைத் திருத்தவும் செஞ்சாங்க. சுலபமான வழி, பெட்டியின் பின்பக்கம் கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு இருக்கிற எண்ணைப் பாருங்க. எங்களுதுல 330 வாட்ஸ். அதுல ஒரு பகுதிதான் ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடு. அஞ்சு சேனலுக்கும் ஒரே நேரத்துல 130 எங்கேர்ந்து வரும்? போகட்டும், எங்க ஹாலுக்கு சேனலுக்கு பத்து வாட்ஸே பக்கத்து வீட்டு ஆச்சி கதவைத் தட்டப் போதும்.

இப்ப அப்பாவோட 58,000-க்கு வருவோம். 2018-லேர்ந்து நாங்க டிவியிலேர்ந்து ஆப்டிகல் கேபிள் போட்டுத்தான் கேட்கிறோம். அது வழியா சாதா டால்பி 5.1 வரும், அட்மாஸ் வராது. ஓடிடி படத்தோட சத்தத்தை எங்க டிவியே மாத்தி அனுப்பிடுது. புது ரிசீவர் வாங்கினா ஈ-ஆர்க் வழியா அட்மாஸ் வரும், உண்மை. ஆனா அட்மாஸ் என்பது தலைக்கு மேல ஸ்பீக்கர் இருக்கிறவனுக்கு. எங்க தலைக்கு மேல இருக்கிறது ஃபேன்.

சரி, வீட்ல நிஜமான குறை என்ன? அம்மாகிட்ட கேட்டேன். பதினாலு வருஷமா யாரும் கேட்கலையாம். "பேசறது ஒண்ணும் விளங்க மாட்டேங்கு. சத்தம் கூட்டி வச்சா உடனே சண்டை வந்து காதைக் கிழிக்கி. ரிமோட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு எப்படிப் படம் பாக்க?"

ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தேன். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்லதான் வரும். எங்களுது டிவி ஸ்டாண்டு உள் தட்டுல, பூஜை சிடி அட்டைகளுக்குப் பின்னாடி, குகைக்குள்ள பேசற மாதிரி கிடந்தது. வெளி விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் லேசா மேல சாய்ச்சு வச்சேன். மெனுவுல நடு ஸ்பீக்கர் அளவு மூணு டெசிபல் கூட்டினேன். அப்புறம் அந்த மெனுவுக்குள்ள பதினாலு வருஷமா யாரும் தொடாம கிடந்த நைட் மோடைப் போட்டேன். டால்பியில உள்ளதுதான், சின்னச் சத்தத்தைத் தூக்கி பெரிய சத்தத்தை அமுக்கும். ஹால் முழுக்க டைல்ஸ், எதிரொலி. எதிர்ச் சுவத்து ஜன்னலுக்கு அம்மாவோட கனமான பழைய திரைச்சீலையை மாட்டினேன். மொத்தச் செலவு பூஜ்யம். அன்னிக்கு ராத்திரி அம்மா முழுப் படத்தையும் ரிமோட்டைத் தொடாம பார்த்தாங்க. தங்கச்சி சாட்சி.

கம்பெனிக்காரங்க கிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தக் கம்ப்யூட்டர் போர்டை டீக்கடை செட்டு மாதிரி தனியா கழட்டி மாட்ட வச்சு, பத்து வருஷத்துக்குக் கடையில வித்தா என்ன குறைஞ்சிடும்? நம்ம அரசாங்கம் 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் திறந்தது. டிவி, ஃபிரிட்ஜ், மொபைல் எல்லாம் அதுக்குள்ள வர்ற வகை. ஆனா தகவல் போடுறது வேற, உதிரிபாகம் கொடுத்தே ஆகணும்ங்கிறது வேற. அது வர்ற வரைக்கும் நான் 58,000-ஐ இயந்திரக் கணக்குல எழுத மாட்டேன். வாங்கியே ஆகணும்னா, ஈ-ஆர்க் இருக்கிறதுல விலை குறைஞ்சது ஒண்ணு, அதுவும் கடைக்கு வந்து ஒரு வருஷம் ஆன மாடல், போதும்.

அப்பா இதெல்லாம் கேட்டார். "சரிடே, பார்ப்போம்" என்றார். ஹாஸ்டல் பணத்தை பேங்க்ல போட்டாச்சு, அதுல சந்தேகம் இல்லை. ஆனா கடைக்காரன் கொடுத்த நோட்டீஸை இன்னும் தூக்கிப் போடலை, டிவி ஸ்டாண்டுக்கு அடியில நாலா மடிச்சு வச்சிருக்கார். தீபாவளி ஆஃபர் முடியிற வரைக்கும் நான் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருக்கணும் போல.