கிரீன்லாந்து பாறையும் குமரி மணலும்: கனிமம் இருந்தும் எடுக்கத் தயங்குவது ஏன்?

நெருள் (நவி மும்பை): கிரீன்லாந்தை அமெரிக்கா வசமாக்க வேண்டும் என்று அதிபர் டொனால்ட் டிரம்ப் வலியுறுத்தத் தொடங்கியது முதல், அத்தீவின் அரிய மண் தனிமங்கள் உலகின் கவனத்தை ஈர்த்துள்ளன. ஆனால், கனிமம் இருப்பதாலேயே அதை எடுத்துவிட முடியாது என்பதற்கு அத்தீவும், கன்னியாகுமரி கடற்கரையும் சான்றுகளாக உள்ளன.

பனிக்கு அடியில் என்ன?

சுமார் 21.66 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரீன்லாந்தின் 80 சதவீத நிலம் பனிப்படலத்தால் மூடப்பட்டுள்ளது. சில இடங்களில் அதன் தடிமன் 3 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. எனவே, பனியற்ற கரையோரப் பாறைகளே விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

தெற்கே நர்சாக் நகருக்கு அருகே குவானெஃபெல்ட் படிவு உள்ளது. சுமார் 116 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்ல இறுகியபோது, சாதாரண கனிமங்களில் எளிதில் சேராத தனிமங்கள் எஞ்சிய குழம்பில் செறிந்தன. அரிய மண் தனிமங்களுடன் யுரேனியமும் ஒரே பாறையில் தங்கியது இவ்வாறுதான். அதுவே சுரங்கத் திட்டத்துக்குத் தடையானது. 2021 ஏப்ரல் தேர்தலில், திட்டத்தை எதிர்த்த இனுயிட் அட்டாகடிகிட் கட்சி வென்றது. அதே ஆண்டு நவம்பரில் யுரேனியம் அகழ்வைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது.

குமரியில் தோரியம்

அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி, அரிய மண் இருப்பு கிரீன்லாந்தில் 15 லட்சம் டன். இந்தியாவில் 69 லட்சம் டன். இந்திய இருப்பின் பெரும்பகுதி கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவில் இருக்கிறது. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகளால் கடலுக்கு வந்து, அலைகளால் பிரிக்கப்பட்ட மணல் இது. மணவாளக்குறிச்சியில் 1909-ல் மோனசைட் கண்டறியப்பட்டது.

இத்தாதுவில் சுமார் 8 முதல் 10 சதவீதம் வரை தோரியம் கலந்திருப்பதால், அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனம் இதைக் கையாள்கிறது. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் அதன் திட்டத்தை மீனவ கிராமங்கள் எதிர்க்கின்றன. கதிர்வீச்சு, கடலரிப்பு, வாழ்வாதாரம் ஆகியவை அவர்களின் கவலைகள். மோனசைட்டை அகற்றினால் மணலின் கதிர்வீச்சு குறையும் என்பது நிறுவனத் தரப்பு வாதம்.

அடுத்து என்ன?

2025 ஏப்ரலில் 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததால், இந்திய வாகன நிறுவனங்கள் காந்தத் தட்டுப்பாட்டைச் சந்தித்தன. நவம்பரில் காந்த உற்பத்திக்காக ரூ.7,280 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொழிற்சாலைகள் பெருகினால் மணலுக்கான தேவையும் உயரும். அப்போது, வெளிப்படையான கதிர்வீச்சு அளவீடும் முறையான கருத்துக் கேட்பும் இன்றி, கடலோர மக்களின் ஒப்புதலைப் பெறுவது கடினம்.