ஏரி வாரியத்துக்கு ஆள் தேவை

மதிப்பிற்குரிய காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

இந்தக் கோரிக்கையைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தங்கள் அலுவலர்கள் திண்டாடியிருப்பார்கள். பட்டா இல்லை, முதியோர் உதவித்தொகை இல்லை, வீடியோ கேம்! அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் போனில் ஆடும் கேம் ஒன்றைச் செய்துவருகிறோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் களம். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921. குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழுகின்றன. எது யாருடைய ஓலை என்று அறியாத ஒரு சிறுவன் எடுத்துக் கொடுக்கிறான். எங்கள் கேமில் ஆடுபவர் அந்தச் சிறுவன். அவன் எடுத்த ஓலைப்படி அமையும் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் 360 நாள் ஏரியைப் பார்த்துக்கொள்ளும். கரை உடைந்தாலும் பயிர் காய்ந்தாலும் ஊர் அவனைத்தான் முறைக்கும்.

சிறுவனை நாயகனாக்கியதற்குக் காரணம் உண்டு. ஓலையில் பெயர் வர வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும் என்கிறது கல்வெட்டு. வயது 35-க்கு மேல், 70-க்குள். எங்கள் மூவரில் ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. 2020-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்வெட்டைப் பெருமையோடு குறிப்பிட்டார். பெருமை இருக்கட்டும், ஓலை இல்லாதவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் எங்களுக்குக் கதையாகப்பட்டது.

சரி, பணம் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பணத்துக்கு முன்னால் எங்களுக்கு ஆட்கள் வேண்டும்.

பெருநகர் என்ற ஊரில் ஒரு டீக்கடை பெஞ்சில், முன்பு ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவர் கையில் போனைக் கொடுத்தோம். கட்டை விரலால் மதகைத் திறந்தார். தண்ணீர் முதல் கழனியில் பாய்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, தலைமடைக்காரனுக்கே ஊத்திக்கிட்டிருக்கு? கடைமடைக்காரன் மண்வெட்டியோட வந்து நிக்கமாட்டானா?" என்றார். இப்போது கேமில் வந்து நிற்கிறான். அடுத்த முறை அவரே போனைக் கேட்டு வாங்கினார். "கலங்கல்ல தண்ணி வழியுது, மீன் புடிக்க வர்ற பசங்களைக் காணோமே." அந்தப் பையன்களையும் சேர்த்தாகிவிட்டது. எந்த முதலீட்டாளரும் இதைச் சொல்லித்தர மாட்டார்.

இப்படி ஆட்களிடம் ஆடக் கொடுப்பது எங்கள் ஆசை மட்டுமில்லை, விதியும்கூட. கூகுள் பிளேவில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர், கேமை வெளியிடும் முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாக வைத்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 25 டாலர், அதைக் கட்டிவிடலாம். 12 பேர் கிடைக்கமாட்டார்களா என்பீர்கள். கிடைப்பார்கள், மூன்றாம் நாள் நம்முடையதை அழித்துவிட்டு ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குப் போய்விடுவார்கள்.

பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். புனேயில் உருவான 'ராஜி' கேமுக்கு 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் மக்களிடம் நிதி கேட்டார்கள், இலக்கை எட்டவில்லை. அங்கே இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. விடாமல் நின்று 2020-இல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விருதுகளில் சிறந்த அறிமுக கேம் பிரிவுக்குப் பரிந்துரையும் ஆனது. அமெரிக்காவில் டோபி ஃபாக்ஸ் என்ற இளைஞர் 2013-இல் 'அண்டர்டேல்' கேமுக்கு 5,000 டாலர்தான் கேட்டார். கிடைத்தது 51,000-க்கு மேல். கேட்பதற்கு முன்பே கேமின் முதல் பகுதியை இலவசமாக ஆடக் கொடுத்திருந்தார். ஆடிப் பிடித்தவர்கள் கொடுத்த பணம் அது. இந்தியாவில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் நாம் நேரடியாக நிதி திரட்ட முடியாது. மாநில அரசின் டான்சீட் நிதியுதவி நல்ல திட்டம், ஆனால் அது வளர்ந்து பெருகும் நிறுவனத்தைத் தேடுகிறது. இரண்டு மணி நேரத்தில் ஆடி முடிக்கிற கேம் எங்களுடையது.

நம் பக்கத்துக்கு வேறு வழி தெரியும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைக்க ஊர் தலைக்கட்டு வரி போடுகிறது. காசு கொடுத்தவன் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறான், துரியோதனன் குரல் கம்மினால் மறுநாள் டீக்கடையில் கிழிக்கிறான். அந்த உரிமை எங்கள் கேமின் மீதும் ஊருக்கு வேண்டும். ஆளுக்கு 200 ரூபாய் முன்பணம், ஆயிரம் பேர். வேலையை முடிக்க அது போதும். வரவு செலவை மாதாமாதம் நூலகப் பலகையில் ஒட்டுகிறோம். கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது என்று எழுதிவைத்த ஊர் இது.

தடை இன்னொன்று. வங்கி ஒன்றில் 'கேம்' என்ற சொல்லைக் கேட்டதுமே மேலாளர், "ரம்மியா தம்பி?" என்றார். அவரைக் குறை சொல்ல மனமில்லை. ஆன்லைன் சூதாட்டத்தால் குடும்பங்கள் நொறுங்கிய மாநிலம் இது. அதனால்தான் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, பிறகு 2025-இல் மத்திய அரசின் சட்டமும். அவை வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் மத்தியச் சட்டம் பந்தயப் பணம் கட்டி ஆடுவதைத்தான் தடுக்கிறது. மற்ற ஆன்லைன் விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் சொல்கிறது. இந்தப் பாதி இன்னும் கடைமடைக்கு வந்து சேரவில்லை.

இங்கே இப்படியிருக்க, டொராண்டோவில் விசை கேம்ஸ் நிறுவனம் செய்த 'வெண்பா' என்ற கேம் 2023-இல் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி வேகவைக்கிறாள். மறு ஆண்டு அதற்கு பாஃப்டா விருது. அங்கே ஒன்டாரியோ மாகாண அரசு கேம்களுக்கும் நிதி தருகிறது. இங்கேயும் ஒருநாள் வரட்டும். அதுவரை காத்திருக்க எங்களால் முடியாது.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். உத்திரமேரூர் நூலகத்தில் வாரம் ஒரு மாலை, யார் வேண்டுமானாலும் வந்து ஆடிப்பார்த்துத் திட்டிவிட்டுப் போக ஒரு மேசை. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, நீர்க்கட்டிகளும் அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் அக்காக்களும் வர வேண்டும், ஆகவே ஊராட்சிகளுக்கு ஒரு வரி தகவல். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஓர் அரங்கு. பதிப்பாளர்களுக்குக் கொடுக்கும் அதே வாடகையில் கொடுத்தாலும் சரி. தாங்கள் தலைமையேற்கும் வங்கியாளர் கூட்டத்தில், பந்தயம் இல்லாத கேம் தடைசெய்யப்பட்ட தொழில் அல்ல என்று ஒரு வார்த்தை.

மேசைக்கு நாள் குறித்துச் சொன்னால் போதும். போன்களை நாங்களே கொண்டுவருகிறோம், இரண்டு பிளக் பாயிண்ட் வேலை செய்தால் உதவி. தாங்களும் ஒரு மாலை வந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கலாம். வரத்துக் கால்வாயைத் தூர் வாரும் உத்தரவு கேமில் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறது. அது நம்பும்படியாக இருக்கிறதா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உத்திரமேரூர் வட்டத்திலிருந்து,
மூவரில் ஒருவன்