எந்தக் குற்றம் எந்தக் கணக்கில்?

ஆசிரியருக்கு,

துப்பாக்கிக் கட்டுப்பாட்டால் பயனில்லை என்பவர்கள், அமெரிக்காவைவிட பிரிட்டனில் வன்முறைக் குற்றம் அதிகம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். அமெரிக்கக் கணக்கில் கொலை, பாலியல் வன்கொடுமை, வழிப்பறி, கொடுங்காயத் தாக்குதல் என நான்குதான். பிரிட்டனிலோ காயமே படாத கைகலப்பும் சேரும். கொலையை மட்டும் எடுத்தால் அமெரிக்க விகிதம் பல மடங்கு.

கொலைக் கணக்கிலும் கவனம் தேவை. இந்தியாவில் 2022இல் 28,522 கொலை வழக்குகள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவுகள் தனிப் பட்டியல். பட்டாசு ஆலையில் நாலு பேருக்கு அனுமதியுள்ள ரூமில் எட்டுப் பேரை உட்காரவைத்து மருந்து வெடித்து அவர்கள் செத்தாலும், எங்கள் பக்கம் பெரும்பாலும் 'கவனக்குறைவு மரணம்'தான்.

புள்ளிவிவரம் வெளியிடும்போது எவையெல்லாம் சேர்ந்தவை என்றும் ஒரு வரி அச்சிடுங்கள்.

- பட்டாசு ஆலை ஃபோர்மேன், விஸ்வநத்தம்