சாகாத நிலச்சொந்தக்காரர்கள்

பூவத்து வயலில் நாற்று நடுகிறவருக்கும், ஆலையில் நூல் நூற்கிறவருக்கும் அமெரிக்க நிலவரியைப் பற்றி என்ன கவலை? உண்டு, தோழர்களே! 1961-ல் பக்கத்துத் தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு வந்தது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பினாமி பேரிலும் டிரஸ்டு பேரிலும் நிலத்தை எழுதிவைத்தார்கள். அதே ஆட்டம்தான் அமெரிக்காவிலும்.

1970-களில் அயல்நாட்டுப் பணக்காரர்கள் அமெரிக்க விளைநிலங்களை வாங்கிக் குவித்தார்கள். விற்ற லாபத்துக்கு வரி கட்டாமல் தப்பினார்கள். விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 1980-ல் சட்டம் வந்தது. விற்கும் அயல்நாட்டார் வரி கட்டியாக வேண்டும். இன்று, பொதுவாகக் கிரயத்தில் 15 சதவிகிதத்தை வாங்குகிறவரே பிடித்து வரி இலாகாவுக்குச் செலுத்த வேண்டும்.

ஆனால் ஓட்டை இருக்கிறது. நிலத்தைத் தன் பேரில் வாங்காமல் வெளிநாட்டுக் கம்பெனியின் பேரில் வாங்கினால்? நிலம் அசையாது, கம்பெனியின் பங்குதான் கைமாறும். அந்தப் பங்கு விற்பனைக்கு அந்த வரி இல்லை. மரண வரியும் அப்படியே. அங்கே குடியிராத அயல்நாட்டார் இறந்தால், 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு 40 சதவிகிதம் வரை வரி உண்டு. கம்பெனிக்குச் சாவு ஏது? கம்பெனி லாபத்துக்கு 21 சதவிகித வரி உண்டுதான். எந்த வழியில் குறைவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். இதற்கு வைத்த கௌரவப் பெயர் “வரித் திட்டமிடல்”!

ஓட்டையை அடைக்க முடியாதா? முடியும். 2007-ல் வோடபோன், கேமன் தீவுக் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கி இந்திய டெலிபோன் தொழிலில் பெரும்பங்கைப் பிடித்தது. வரி இல்லை என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. பழைய பேரங்கள்மீதான வரியை 2021-ல் சர்க்கார் கைவிட்டது. ஆயினும், சொத்து இந்தியாவில் இருந்தால் வெளிநாட்டுப் பங்கு விற்பனைக்கும் வரி என்ற விதி இன்றும் நிற்கிறது.

ஆனால் மரண வரி? இந்தியாவில் அது 1985-லேயே ஒழிக்கப்பட்டது. நம் கோடீசுவரர் வாரிசுகளுக்குத் தீவுக் கம்பெனிகூடத் தேவையில்லை!

கூலிக்காரர் வாங்கும் சோப்புக் கட்டியில் வரி அடங்கியிருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க அவருக்கு வக்கீல் இல்லை, தீவும் இல்லை. காகிதத்தில் யார் பேர் என்று பாராமல், பலனை யார் அனுபவிக்கிறார் என்று பார்த்து வரி போடு! பெருஞ்சொத்துக்கு மரண வரியை மீண்டும் கொண்டுவா! உழைப்பாளி மக்களின் நியாயமான கோரிக்கை இதுவே.