படிப்பவருக்குப் பின்னால் நிற்பவர்கள்

லண்டன் நேஷனல் கேலரியில் ஓர் ஓவியம் இருக்கிறது. பச்சை உடையில் தரையில் அமர்ந்து, மகதலேனா மரியாள் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில் ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்தது. திருச்சபை மரபு நெடுங்காலம் 'பாவியான பெண்' என்று முத்திரை குத்திய ஒருவரை இங்கே படிப்பாளியாகப் பார்க்கிறோம். நமக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் இது ஒரு பெரிய பலிபீட ஓவியத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. பின்னணி முழுக்கப் பழுப்பு வண்ணம் பூசி, அவர் தன்னந்தனியாகப் படிப்பதுபோல் ஆக்கியிருந்தார்கள். 1950களில் பூச்சை நீக்கியபோது, பின்னால் நிற்கும் யோசேப்பின் உடல் தெரிந்தது. தலை இல்லை; அது வேறொரு துண்டாக லிஸ்பனில் இருக்கிறது.

தோழர்களே, நாமும் இப்படிப் பூசுகிறோம். படிப்பகச் சுவரில் புத்தகத்தோடு அண்ணல் இருக்கிறார். அவர் லண்டனில் படித்த காலத்தில் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைச் சுமந்த ரமாபாய் எத்தனை சுவர்களில் இருக்கிறார்? அண்ணல் மறக்கவில்லை. 'பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்' நூலை ரமாபாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

நம் தெருவின் முதல் பட்டதாரிக்குப் பேனர் வைக்கிறோம். கூலிக்குப் போன அம்மாவும், பள்ளியைப் பாதியில் விட்ட அக்காவும் அதில் இல்லை. 'தனி ஆளாகச் சாதித்தார்' என்று எழுதுகிறோம். தகுதி, திறமை என்று சொல்லி இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்?

அடுத்த பேனரில் அம்மாவும் அக்காவும் இருக்கட்டும்.